ரேலீனின் சிவப்பும் ஏலக்குரலும்

எங்கள் டூலாகின் ஊர் மாட்டுச் சந்தையில் ஏலம் விட்ட முதல் பெண் ரேலீன் கிரீவ். இதை நான் யாரிடமாவது சொன்னால், "முதல் பொண்ணு என்ன முதல் பொண்ணு, இதுவரைக்கும் விட்டவங்கள்லயே அவதான் கெட்டிக்காரி" என்று பக்கத்தில் இருப்பவர் திருத்துவார். அப்படித் திருத்துகிறவர்களில் பாதிப் பேர் ஒருகாலத்தில் அவளைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவர்கள். எனக்குத் தெரியும். சந்தைக் கேன்டீனில் வெங்காயம் வதக்கியபடி அந்தச் சிரிப்பையெல்லாம் கேட்டவள் நான். என் பெயர் நொரீன்.

ரேலீன் பிறக்கும்போதே முகத்தின் இடப்பக்கம் சிவந்திருந்தது. நெற்றியில் தொடங்கி, இமை, கன்னம், மேலுதடு, கீழுதடு என்று இறங்கி, தாடையில் வந்து நிற்கும் ஒயின் நிற மச்சம். நடுவே கோடு கிழித்த மாதிரி, வலப்பக்கம் துளி சிவப்புக் கிடையாது. கர்ப்பத்தில் அவள் அம்மா காட்டுத்தீயைப் பார்த்ததால் வந்தது என்று ஊரில் ஒரு பேச்சு. அம்மாவோ அந்த வருஷம் முழுக்க மழைதான் பெய்தது என்பாள்.

பதினேழு வயதில் பிரிஸ்பேனுக்குக் கூட்டிப்போனார்கள். அப்போதுதான் லேசர் வந்த புதிது. காதோரம் ஒரு சின்ன இடத்தில் மட்டும் வைத்துப் பார்த்தார்கள். அந்தக் காலத்து லேசருக்கு ரத்தம் எது, தோல் எது என்று அவ்வளவாகப் பிரித்தறியத் தெரியாது. சிவப்பு போனது, போன இடத்தில் வெள்ளையாக, வழவழவென்று ஒரு தழும்பு நின்றது. அதைப் பார்த்து அம்மா அழுதாள். ரேலீன் அழவில்லை. "சிவப்பா இருந்தாலும் அது தோலும்மா. இது தோல்கூட இல்ல. போதும், வீட்டுக்குப் போலாம்" என்றாள். அதோடு லேசர் என்ற பேச்சையே அந்த வீட்டில் யாரும் எடுக்கவில்லை.

மாடு விற்றுத்தரும் மெர்வ் கானிங்கின் கம்பெனியில் அவளுக்கு வேலை கிடைத்தது. பின்பக்கத்து அறையில், தொலைபேசியில். மெர்வ் கெட்டவர் இல்லை. ஆனாலும் முன்பக்க மேஜையில் வேறொரு பெண்ணை உட்கார வைத்தார். காரணத்தை அவர் சொல்லவில்லை, ரேலீனும் கேட்கவில்லை. ஆனால் தொலைபேசிக்கு முகம் கிடையாதே. அவள் குரல் வெண்கலம் மாதிரி. நூறு மைல் தள்ளிப் பண்ணையில் இருக்கிறவர்கள், விலை கேட்க வேண்டிய அவசியமே இல்லாதபோதும் கூப்பிட்டு விலை கேட்பார்கள்.

ஏலக் கூப்பாட்டை அவள் காரில் பழகினாள். வேலி மரங்களை எண்ணிக்கொண்டே ஓட்டுவாள். ஏறுவரிசை, இறங்குவரிசை, பாதிப் பாதியாக. ஒரு பண்ணையைக் காலி செய்து பழைய கலப்பை, கோழிக்கூடு எல்லாம் ஏலம் விட்ட நாளில், மெர்விடம் இருந்த ஏலக்காரர் பல் வலியென்று வரவில்லை. "நான் விடட்டுமா?" என்றாள். மெர்வ் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"எல்லாரும் உன்னையே பாப்பாங்களே, ரேலீன்."

"ஏலக்காரியைப் பாக்காம வேற யாரைப் பாக்கணும், மெர்வ்?"

அன்றைக்குக் கோழிக்கூடுகூட நல்ல விலைக்குப் போனது. அடுத்த வருஷமே பட்டிகளுக்கு மேலே ஓடுகிற நடைபாலத்தில், கையில் குச்சியோடு, அவள் நின்றாள். கீழே மாடு, எதிரே வியாபாரிகள்.

அந்த வியாபாரிகளில் ஒருவன் ஸ்னோ பார்ட்லெட். இறைச்சித் தொழிற்சாலை ஒன்றுக்கு வாங்குகிறவன். வெள்ளைப் புருவம், நீளமான நாக்கு. ரேலீனின் இரண்டாவது ஏலமோ மூன்றாவதோ. எலும்பு தெரிகிற கிழட்டுப் பசுக்கள் ஒரு பட்டி நிறைய நிற்கின்றன. கேட்க ஆளில்லை. ஸ்னோ பக்கத்தில் இருந்தவர்களைச் சிரிக்க வைக்க, விரலைத் தூக்கித் தன் கன்னத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டான். நாலு பேர் சிரித்தார்கள். ரேலீன் குச்சியால் கம்பியில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"வித்தாச்சு! ஸ்னோ பார்ட்லெட்!"

"ஏய்! நான் எங்க கேட்டேன்?"

"விரலைத் தூக்கினியேப்பா."

"அது... சும்மா ஒரு தமாஷுக்கு..."

"ஏலத்துல விரலைத் தூக்கினா அதுக்கு ஒரே அர்த்தந்தான், ஸ்னோ. உனக்கு என் கன்னம் பிடிச்சிருக்குனு தெரியுது. அது விக்கிறதுக்கு இல்ல. பசு இருக்கு, ஓட்டிட்டுப் போ. அடுத்த பட்டி!"

சந்தையே அதிர்ந்தது. ஸ்னோ மெர்வைப் பார்த்தான். மெர்வ் வானத்தைப் பார்த்தார். கிழட்டுப் பசுக்களை ஸ்னோ ஓட்டிக்கொண்டுதான் போனான். அதற்கப்புறம் ரொம்ப நாளைக்கு இரண்டு கையையும் சட்டைப்பைக்குள் விட்டபடிதான் ஏலத்துக்கு வந்தான். கேட்பதற்கு மோவாயை மட்டும் ஆட்டுவான்.

டெஸ் என்ற மாட்டு லாரி ஓட்டுநரைக் கல்யாணம் செய்துகொண்டாள். டெஸ் ஒரு நாளில் பேசுவதை ஒரு தேக்கரண்டியில் அள்ளிவிடலாம். வாரமெல்லாம் லாரி ஓட்டிக் களைத்தவன் என்பதால் ஞாயிற்றுக்கிழமை ரேலீன்தான் கார் ஓட்டுவாள். அவன் இடப்பக்கம் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டு வருவான். அப்படிப் பார்த்தால் தெரிவது அவளுடைய சிவந்த பக்கம்தான். "ஏதோ ஒரு பக்கத்தைத்தானே பாக்க முடியும், நொரீன்? எனக்கு வாய்ச்சது அது. நல்ல பக்கந்தான்" என்று என்னிடம் ஒருமுறை சொன்னான். அவன் வாயிலிருந்து நான் கேட்ட மிக நீண்ட பேச்சு அதுதான்.

நாற்பதைத் தாண்டியதும் அந்தச் சிவப்பு மாறத் தொடங்கியது. முதலில் நிறம் கறுத்துப் பழுத்த பிளம்ஸ் மாதிரி ஆனது. பிறகு கன்னத்திலும் தாடையிலும் சின்னச் சின்ன மொட்டுகள் முளைத்தன. தொப்பிக் கயிறு பட்டால் போதும், ரத்தம் வடியும். ஏலத்துக்கு நடுவே கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டே விலை சொல்லுவாள். டவுனில் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். "இப்ப லேசரெல்லாம் எவ்வளவோ முன்னேறிடுச்சாமே, ரேலீன்" என்று தபால் ஆபீஸ்காரம்மா ஆரம்பித்தால், "உங்க நாய்க்குச் சொறி எப்படி இருக்கு?" என்று பேச்சை மாற்றிவிடுவாள்.

அவளுக்கு அதில் ஒரு வைராக்கியம். இத்தனை வருஷம் இந்த முகத்தை வைத்துக்கொண்டுதான் அந்த நடைபாலத்தில் நின்றேன், இப்போது போய் அதை அழித்தால் அன்றைக்குச் சிரித்தவர்கள் சொன்னது சரி என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகாதா என்பாள். டீயை ஊற்றிக் கொடுப்பேன்.

அவளை அசைத்தது கன்னம் அல்ல, உதடு. கீழுதட்டின் இடப்பாதி கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்து, கனத்து, தொங்க ஆரம்பித்தது. டீ குடித்தால் ஓரத்தில் வழியும். அதைக்கூட அவள் பொருட்படுத்தவில்லை. ஆனால் மேல்பல் கீழுதட்டில் சரியாகப் பதியாவிட்டால் சில எழுத்துகள் வராது. "ஃபைவ்" என்று சொன்னால் "ஐ" என்று மட்டும் கேட்கும். "நைன்" என்பதும் தூரத்தில் நிற்கிறவன் காதில் அதே "ஐ" தான்.

பால் மறந்த கன்றுகளுக்கான பெரிய சந்தை. அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. நல்ல கன்றுகள், போட்டி மும்முரம். ரேலீன் ஒரு விலையில் தட்டினாள். வாங்கியது ஸ்னோ.

"ஃபைவ்னுதானே சொன்ன?" என்றான் ஸ்னோ.

"நைன்" என்றாள் ரேலீன்.

"என் காதுல ஃபைவ்னுதான் விழுந்துது. இவனுக்கும் அப்படித்தான். என்னடா?"

பக்கத்தில் இருந்தவன் தயங்கித் தலையாட்டினான். அவனுக்குப் பக்கத்தில் இருந்தவனும். ஸ்னோ வம்புக்குக் கேட்கவில்லை. அது அவன் முகத்திலேயே தெரிந்தது. அதுதான் ரேலீனைக் குத்தியது. வம்பென்றால் வாயாலேயே அடித்திருப்பாள்.

விலையில் இப்படி வழக்கு வந்தால் அந்தப் பட்டியைத் திரும்பவும் ஏலத்துக்கு விட வேண்டும் என்பது முறை. விட்டாள். ஒவ்வொரு எண்ணையும் இரண்டு தரம் சொல்லி, விரலால் காட்டி, மெதுவாக, புதிதாகப் பழகுகிறவள் மாதிரி. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று எனக்குப் பட்டது.

எல்லாரும் போன பிறகு கேன்டீனுக்கு வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றினாள்.

"நொரீன், பிரிஸ்பேன்ல லேசர் வைக்கிறவங்க யாருன்னு உனக்குத் தெரியுமா?"

"விசாரிக்கிறேன்."

"முகத்துக்கு இல்ல. உதட்டுக்கு. அதை எல்லார்கிட்டயும் சொல்லிடு."

அவளோடு நான்தான் போனேன். டெஸ்ஸுக்கு அந்த வாரம் லோடு இருந்தது. வாரிகோ நெடுஞ்சாலையில் பகல் முழுக்க ஓட்டினோம். வழியெல்லாம் அவள் வேலி மரங்களை மனசுக்குள் எண்ணிக்கொண்டு வந்தாள். உதடு அசைவது தெரிந்தது.

டாக்டர் கரிடிஸ் எங்கள் வயதுப் பெண்மணி. குள்ளம், குட்டை முடி. ரேலீனின் முகத்தைப் பார்த்து ஐயோ என்றோ அடடா என்றோ சொல்லவில்லை. நல்ல வெளிச்சத்தில் உட்கார வைத்து, மாட்டின் பல்லைப் பார்க்கிற வியாபாரி மாதிரி பொறுமையாகப் பார்த்தார். காதோரத் தழும்பை விரலால் தடவினார்.

"இது பழைய லேசர் இல்ல?"

"ஆமா. அதனாலதான் இவ்வளவு நாள் வரல."

"வராததுல தப்பில்ல. அப்போ இருந்த மெஷின் வேற. இப்போ இருக்கிறது மஞ்சள் வெளிச்சம். ரத்தத்தோட சிவப்பு அந்த வெளிச்சத்தை உறிஞ்சிக்கும். குழாய் சூடேறி அடைச்சுக்கும். மேல்தோல் வேகாம இருக்க, ஒவ்வொரு தரமும் முன்னாடி குளிர்ந்த காத்தை அடிப்போம். ஆனா உங்க உதடு தடிச்சுப் போச்சு. மஞ்சள் வெளிச்சம் அவ்வளவு ஆழம் போகாது. அதுக்குக் கண்ணுக்குத் தெரியாத வேற கதிர் இருக்கு. அதையும் மீறி மிச்சம் இருந்தா கத்திதான்."

"எனக்கு ஃபைவ் சொல்ல வரணும், டாக்டர்."

"என்னது?"

ரேலீன் விளக்கினாள். டாக்டர் சிரிக்கவில்லை. "ஃபைவ், நைன் ரெண்டையும் சொல்லுங்க" என்றார். சொல்ல வைத்துக் கேட்டார். ஒரு விரலால் உதட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறுபடி சொல்ல வைத்தார். "சரி. உதடு, ரத்தம் வர்ற மொட்டுங்க. இது ரெண்டும் கட்டாயம். கன்னம்?"

"கன்னத்தோட எனக்குச் சண்டை இல்ல."

"நல்லது. சண்டை இருக்கிறதை மட்டும் பாப்போம். ஆனா ஒண்ணு கேக்கணும். கடைசியா எப்போ கண் டாக்டரைப் பாத்தீங்க?"

ரேலீன் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். கண் டாக்டரை அவள் பார்த்ததே இல்லை. மச்சம் மேலிமை வரைக்கும் இருந்தால் அந்தக் கண்ணுக்குள் அழுத்தம் ஏறக்கூடுமாம். வலியே இல்லாமல் பார்வையைத் தின்றுகொண்டு போகுமாம். அன்று மாலையே பக்கத்துக் கட்டிடத்துக்கு அனுப்பி அளந்தார்கள். இடது கண்ணில் அழுத்தம் ஏறித்தான் இருந்தது. இப்போதுதான் ஆரம்பம், சொட்டு மருந்து விட்டால் போதும் என்றார்கள். வெளியே வந்ததும் ரேலீன் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"கன்னத்தைக் கேலி பண்ணினவங்க எத்தனையோ பேரு, நொரீன். ஒருத்தனாவது கண்ணைப் பாருன்னு சொன்னானா?"

"எங்களுக்குத் தெரியாதுடி."

"எனக்கும் தெரியலையே. ஸ்னோவுக்கு நல்லது நடக்கட்டும். அவன் வழக்குக்கு வராம இருந்தா நான் இங்க வந்தே இருக்க மாட்டேன்."

மறுநாள் லேசர் அறை. கதவைச் சாத்தினார்கள், எல்லாருக்கும் கறுப்புக் கண்ணாடி. உதட்டை மரத்துப்போக வைத்திருந்தார்கள். மொட்டுகளுக்கு அவ்வளவாக இல்லை. புஸ்ஸென்று குளிர், உடனே டப்பென்று ஒரு சொடுக்கு. புஸ், டப். புஸ், டப். கன்னத்து முடி ஒன்றிரண்டு பொசுங்கிய வாசனை வந்தது. ரேலீன் நாற்காலிக் கையைப் பிடித்தபடி கிடந்தாள்.

"ரப்பர் பேண்டை இழுத்து விட்ட மாதிரி இருக்கா?" என்று நர்ஸ் கேட்டாள்.

"லாரி டயரை இழுத்து விட்ட மாதிரி இருக்கு. நிறுத்தாதீங்க."

முடிந்ததும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். சொடுக்கு விழுந்த இடமெல்லாம் காசளவுக்குக் கருநீலமாகக் கன்றிப்போயிருந்தது. உதடு வீங்கி வாயை மூடிவிட்டது. இது போகப்போக வடிந்துவிடும், வெயில் மட்டும் படக்கூடாது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆனால் லேசர் உதட்டுக்கு என்றுதான் டவுனுக்குச் சொல்லியிருந்தேன், முகம் இப்படிக் கன்றும் என்று யாரும் சொல்லவில்லையே!

ஊர் திரும்பிய அன்று அவள் மருந்துக்கடையில் இறங்கினாள். அதை இரண்டு பேர் பார்த்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை மாலை பப்பில் நானும் டெஸ்ஸும் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தோம். ரேலீன் வீட்டில் ஐஸ் வைத்துக்கொண்டிருந்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு ஸ்னோ பார்ட்லெட் வந்தான். பின்னால் இன்னும் மூன்று பேர்.

"டெஸ், வெளிய வாடா."

டெஸ் முள்கரண்டியைக் கீழே வைத்தான். "எதுக்கு?"

"எதுக்கா? அந்தப் பொண்ணு மூஞ்சி என்ன கதியாக் கிடக்குதுனு பாத்துட்டுத்தான் வரோம். கையை நீட்டுறியா நீ? இந்தச் சந்தையில எங்களுக்குன்னு இருக்கிறவ அவ ஒருத்திதான். அவ மேல கைவச்சா..."

டெஸ் வாயைத் திறந்தான், மூடினான். சொன்னேனே, அவனுக்குப் பேச்சு வராது. முகம் மட்டும் சிவந்துபோனது, குற்றவாளி மாதிரியே. "அது லேசர், ஸ்னோ!" என்று நான் கத்தினேன். "நீ சும்மா இரு, நொரீன். வாசப்படியில தடுக்கி விழுந்துட்டாள்னும் சொல்லுவ" என்றான்.

நான் தொலைபேசியில் கூப்பிட்டேன். ரேலீன் வந்தாள், துண்டில் சுற்றிய ஐஸ் கன்னத்தில். நிலைமை புரிய அவளுக்கு ஒரு நொடி ஆகவில்லை. ஆனால் வீங்கிய உதட்டோடு பேசினால் ஒரு வார்த்தை விளங்கவில்லை. அதனால் விரலைத் துப்பாக்கி மாதிரி நீட்டித் தன் கன்னத்தில் குறிவைத்து, "டப்! டப்!" என்று நடித்துக் காட்டினாள். பிறகு நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, நோயாளி மாதிரியும் காட்டினாள்.

ஸ்னோவுக்கு மெல்ல உறைத்தது. "நிஜமாவே லேசரா?"

ரேலீன் தலையாட்டினாள்.

"எந்தப் பயல் இப்படிச் சுட்டான்?"

"பொம்பளை டாக்டர், ஸ்னோ. இவளைவிடக் குள்ளம்" என்றேன்.

ஸ்னோ யோசித்தான். "அப்ப ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லிவிட்டு, டெஸ் பக்கத்தில் உட்கார்ந்து, அவனுக்கு ஒரு பீர் வரவழைத்தான். டெஸ் அதைக் குடித்தான். ரேலீன் அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் உதடு வெடித்து, இன்னும் கொஞ்சம் ஐஸ் தேவைப்பட்டது. சிரிப்பு அடங்கிய பிறகு அவள் கண் கலங்கியிருந்தது. நாலு ஆண்கள் அவளுக்காக ஒருவனை அடிக்க வந்ததை அவள் எதிர்பார்த்திருக்கவில்லை. நானும்தான்.

அடுத்த சந்தைக்கு வீக்கம் வடிந்திருந்தது, கன்றல் போகவில்லை. மெர்வ் அப்போது ரொம்பத் தளர்ந்துபோயிருந்தார். "இந்த வாரம் வேற யாரையாவது விடச் சொல்லவா, ரேலீன்?" என்று கேட்டார்.

"எதுக்கு, மெர்வ்? புள்ளி மாடு பாலத்து மேல நிக்கக்கூடாதுன்னு சட்டமா?"

பெரிய தொப்பியை வைத்துக்கொண்டு ஏறினாள். முதல் பட்டியைத் தொடுவதற்கு முன்னால் குச்சியால் கம்பியைத் தட்டினாள்.

"எல்லாரும் ஒரு தரம் நல்லாப் பாத்துக்குங்க. டெஸ் அடிக்கல. லேசர் அடிச்சது. இன்னும் சில தரம் அடிக்கும். பாத்தாச்சா? இப்போ மாட்டைப் பாருங்க."

சில தரம் என்றது நீண்டுகொண்டே போனது. ஒவ்வொரு முறையும் ஒன்றரை இரண்டு மாத இடைவெளி. மொட்டுகள் முதலில் போயின. உதடு லேசில் மசியவில்லை. ஒருமுறை போய் வந்த பிறகு வித்தியாசமே இல்லை என்று தோன்றும். அதற்கடுத்த முறை ஒரு சுற்று இறங்கியிருக்கும். கடைசியில் கொஞ்சம் கத்தியும் வைத்து, மீந்ததைச் சீராக்கிவிடலாம் என்றார் டாக்டர் கரிடிஸ். அதையும் செய்துகொண்டாள்.

தையல் பிரித்து ஒரு மாதம் இருக்கும். கேன்டீனுக்கு வந்தவள், "திரும்பி நில்லு, நொரீன். என்னைப் பாக்காத. நான் சொல்றது ஃபைவா நைனா, சொல்லு" என்றாள். நான் அடுப்பைப் பார்த்து நின்றேன்.

"ஃபைவ்" என்றேன். "நைன். நைன். ஃபைவ். ஐயோ, வெங்காயம் கருகுது ரேலீன்!"

"கருகட்டும். இது?"

"நைன்!"

எல்லாம் சரி. திரும்பிப் பார்த்தேன். கேன்டீன் நடுவில், கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மூக்கு விடைக்க நின்றாள். பந்தயத்தில் ஜெயித்த குதிரைக்குக்கூட அவ்வளவு கர்வம் இருந்து நான் பார்த்ததில்லை.

அந்த வருஷப் பெரிய சந்தையில் காலையில் ஏறியவள் கடைசிப் பட்டி வரைக்கும் வேறு யாரிடமும் குச்சியைக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு எண்ணும் சுத்தியலால் அடித்த ஆணி மாதிரி இறங்கியது. கடைசியில் ஸ்னோ அண்ணாந்து பார்த்துச் சொன்னான்: "எல்லாம் தெளிவாக் கேட்டுத் தொலைக்குது, ரேலீன். இனிமே நான் எந்தச் சாக்கைச் சொல்றது?"

"சாக்கு வேணுமா? காது மந்தம்னு சொல்லு. வயசாச்சுல்ல."

டாக்டர் கரிடிஸ் மிச்சக் கன்னத்தையும் வெளுக்க வைக்கலாம், முழுசாகப் போகாவிட்டாலும் நன்றாகவே குறையும் என்றார். ரேலீன் ஒரு வாரம் யோசித்துவிட்டு வேண்டாம் என்றாள். இந்த முறை வைராக்கியத்தால் இல்லை. "ஸ்னோவுக்குப் பயந்து எடுக்கவும் வேணாம், ஸ்னோவுக்குக் காட்டறதுக்காக வச்சிருக்கவும் வேணாம். எனக்கு இது பிடிச்சிருக்கு, அவ்வளவுதான்" என்றாள். கண்ணுக்கு மட்டும் காலையும் மாலையும் தவறாமல் சொட்டு மருந்து.

அதற்குப் பிறகு சில வருஷம் கழித்து, பண்ணை ஒன்றில் வேலைக்கு வந்த கிர்ஸ்டி என்ற இளம்பெண் கைக்குழந்தையோடு கேன்டீன் வரிசையில் நின்றாள். குழந்தையின் நெற்றியிலும் ஒரு கண்ணிமையிலும் ரோஜா நிறத்தில் அதே மாதிரி. ரேலீன் டீயைக் கீழே வைத்துவிட்டு நேராகப் போனாள்.

"புள்ளை பேரு என்ன?"

கிர்ஸ்டி சட்டென்று போர்வையை இழுத்து மூடினாள். "எட்டி. அவளுக்கு ஒண்ணும் இல்ல. எப்படி இருந்தாலும் எங்களுக்கு அழகுதான்."

"அழகுதான். யாரு இல்லைன்னா? கண்ணுல அழுத்தம் பாத்தாங்களா?"

"நீங்க உங்க முகத்தை அப்படியே வச்சிருக்கீங்கல்ல? அப்புறம் எங்களை மட்டும் ஏன்...?"

ரேலீனுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவள் பெஞ்சை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நான் வச்சிருக்கேன், கண்ணு. முடிவு பண்ற வயசுல நான் முடிவு பண்ணினேன். இவ முடிவு பண்ற வயசு வரும்போது கண்ணு நல்லா இருக்கணும்ல? நெத்தியில, இமையில இருந்தா தலைக்குள்ளயும் கோளாறு வரலாமாம், அதனால கண்ணு, தலை ரெண்டையும் முதல்ல பாக்கட்டும். அப்புறம் லேசர். குழந்தைக்குத் தோல் மெல்லிசு, சீக்கிரம் ஆரம்பிச்சா நல்லாக் கேக்கும்னு டாக்டர் சொல்லக் கேட்டிருக்கேன். வேணுமா வேணாமான்னு அவங்ககிட்ட பேசு. என்கிட்ட வேண்டாம். நான் மாடு விக்கிறவ."

அடுத்த வாரமே தாயையும் குழந்தையையும் தன் காரில் ஏற்றிக்கொண்டு பிரிஸ்பேனுக்குப் போனாள். குழந்தையின் கண்ணிலும் தலையிலும் ஒன்றும் இல்லை. ஆனாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொன்னார்கள். லேசரும் தொடங்கினார்கள். எட்டி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். வெயிலில் ஓடிவந்தால்தான் நெற்றியில் லேசாக ரோஜா நிறம் தெரியும். எங்கே பார்த்தாலும் ரேலீனிடம் ஓடிவந்து, "உங்க சிவப்பு எனக்குக் கொஞ்சம் குடுங்க" என்று கேட்பாள். "விக்கிறதுக்கு இல்லடி" என்பாள் ரேலீன்.

போன வருஷம் எங்கள் மாட்டுக் கண்காட்சியைத் திறந்துவைக்க வெளியூர்ப் பெரிய மனிதர் யாரையும் கூப்பிடவில்லை. ரேலீனைக் கூப்பிட்டார்கள். தீர்மானத்தை முன்மொழிந்தவன் ஸ்னோ. பத்திரிகையிலிருந்து ஒரு இளைஞன் படம் எடுக்க வந்தான், மரியாதையான பையன். ரேலீனை மேடையில் நிறுத்திவிட்டு அங்குமிங்கும் நகர்ந்து பார்த்தான்.

"கொஞ்சம் அந்தப் பக்கமாத் திரும்பிக்கிறீங்களா? இந்தப் பக்கம் வெளிச்சம் சரியா விழல" என்றான்.

அவன் திரும்பச் சொன்னது வலப்பக்கம் கேமராவுக்கு வருகிற மாதிரி. முன்வரிசையில் டெஸ் நிமிர்ந்து உட்கார்ந்தான். ரேலீன் திரும்பவில்லை. மோவாயைத் தூக்கி, அந்தச் சிவந்த கன்னத்தை நேராக அவனிடம் காட்டினாள்.

"அப்போ வெளிச்சத்தை நகர்த்துப்பா" என்றாள்.

நகர்த்தினான். நல்ல படம். கேன்டீனில் டீ பாய்லருக்கு மேலே சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். ஆவி பட்டுக் கண்ணாடி மங்கிப்போகும். தினமும் காலையில் துடைப்பேன்.